முந்நூற்று அறுபது துண்டுகள்

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு மூன்று பெயர்கள். வருகைப் பதிவேட்டில் ஆய்வக உதவியாளர், நிலை இரண்டு. பிள்ளைகள் நேரில் கூப்பிடுவது லேப் அக்கா. முதுகுக்குப் பின்னால் ஆசிட் அக்கா. மூன்றாவது பெயர் அவள் காதுக்கு எட்டவில்லை என்று பிள்ளைகள் நம்பிக்கொண்டிருந்தார்கள். நம்பட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். அந்தப் பெயரில் அவளுக்கு வருத்தமும் இல்லை. கழுவாத பீக்கரை அலமாரிக்குள் திருப்பி வைத்தவன் ஒருமுறை அவள் வாயில் விழுந்து எழுந்தால், பிறகு ஜென்மத்துக்கும் கழுவித்தான் வைப்பான்.

வீட்டில் அவள் கணவர் வெல்டர். கேட் செய்கிற பட்டறையில் வேலை. பகலெல்லாம் நெருப்புப் பொறியோடு இருந்துவிட்டு வருகிற மனிதர் என்பதாலோ என்னவோ அவளுடைய கோபம் அவரைச் சுட்டதே இல்லை. "எல்லாருக்கும் மூக்கு மேல கோபம் வரும், உனக்கு மூக்கே கோபம்தான்" என்பார். அவளும் சிரித்துவிடுவாள். ஆனால் இந்த வருடம் வந்த கோபம் சிரிப்பில் அடங்குகிற கோபம் இல்லை.

விஷயம் உருளைக்கிழங்கில் தொடங்கியது.

பதினொன்றாம் வகுப்புக்கு வருடா வருடம் சவ்வூடு பரவல் செய்முறை உண்டு. ஆறு பீக்கர்கள். முதலாவதில் வெறும் தண்ணீர். மற்ற ஐந்திலும் சர்க்கரைக் கரைசல், ஒன்றைவிட ஒன்று கெட்டியாக. ஒவ்வொன்றிலும் மூன்று கிழங்குத் துண்டுகளை எடை பார்த்துப் போட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து எடுத்துத் துடைத்து மறுபடி எடை பார்க்க வேண்டும். வெறும் தண்ணீரில் கிடந்த துண்டு தண்ணீரைக் குடித்து எடை ஏறியிருக்கும். கெட்டிக் கரைசலில் கிடந்தது தன்னிடமிருந்த தண்ணீரையும் விட்டுவிட்டுத் துவண்டு போயிருக்கும். அவ்வளவுதான் பாடம். நாற்பது பிள்ளைகள், இருபது ஜோடி, ஜோடிக்குப் பதினெட்டுத் துண்டு. மொத்தம் முந்நூற்று அறுபது. அதை வெட்டிக் கொடுப்பது அவள் வேலை.

அந்த வெட்டை ஒருநாள் நின்று பார்க்க வேண்டும். காலை ஏழு மணிக்கெல்லாம் லேபைத் திறந்து, மூட்டையிலிருந்து ஒரே அளவுக் கிழங்காகப் பொறுக்குவாள். பித்தளைக் குழாயைக் கிழங்கின் நெஞ்சில் வைத்து அழுத்தித் திருகினால் உள்ளே சதை மட்டும் உருளையாக வந்துவிடும். அதைக் குச்சியால் தள்ளி, ஸ்கேல் மேல் படுக்க வைத்து, பிளேடால் இரண்டு முனையையும் நறுக்குவாள். மூன்று சென்டிமீட்டர். ஒரு துண்டு கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது. தோல் ஒட்டியிருந்தால் தூக்கி எறிந்துவிடுவாள். மேசைக்கு வந்த பிறகு எந்த மூன்றை எடுத்துத் தராசில் போட்டாலும் ஏழரை கிராமை ஒட்டித்தான் நிற்கும். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான். வலது உள்ளங்கையில் அந்தக் குழாய் அழுத்திய இடம் வட்டமாகக் காய்த்துப் போயிருக்கிறது. இந்தக் கைவேலையை யாரும் ஒருநாளும் பாராட்டியதில்லை. அவளும் எதிர்பார்த்ததில்லை என்று சொன்னால் அது பொய்.

செய்முறை முடிந்த மறுநாள் உயிரியல் சார் லேபில் உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். அவள் தொட்டியில் பீக்கர் கழுவிக்கொண்டிருந்தாள். சார் ஒரு பெண்ணைக் கூப்பிட்டு அனுப்பினார். ஒல்லியாக, முகத்தைவிடப் பெரிய கண்ணாடி போட்ட பெண். வகுப்பில் அவளுக்குக் கண்ணாடி என்றே பெயர்.

வெறும் தண்ணீரில் போட்ட துண்டுகளின் எடை முன்பும் 7.4, பின்பும் 7.4 என்று எழுதியிருக்கிறாயே, பாடத்தைப் படித்தாயா இல்லையா என்று சார் கேட்டார். படித்தேன் என்றது அந்தப் பெண். படித்துமா இப்படி எழுதினாய் என்றார்.

"தண்ணில போட்டது ஏறவே இல்ல சார். மூணு தடவ எடை போட்டேன்."

சார் பக்கத்து நோட்டைத் திறந்து காட்டினார். அதே மேசையில் இவளோடு ஜோடியாகச் செய்த பெண்ணின் நோட்டு. 7.42, பின்பு 8.23. அவளுக்கு வந்தது உனக்கு எப்படி வராமல் போகும் என்று கேட்டார். கண்ணாடி பக்கத்து நோட்டைப் பார்த்தது. தோழியைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை போலிருக்கிறது. துண்டில் ஏதாவது கோளாறு இருக்கலாம் என்று மட்டும் சொன்னது.

தொட்டியருகே நின்றவளுக்கு அதைக் கேட்டதும் சுருக்கென்றது. என் துண்டிலா கோளாறு? சார் அவள் பக்கம் திரும்பி, ஏம்மா, துண்டெல்லாம் சரியாத்தானே வெட்டினீங்க என்றார். கழுவிய பீக்கரை டக்கென்று வைத்துவிட்டு அவள் சொன்னாள்.

"இருபத்திரண்டு வருஷமா வெட்டறேன் சார். என் துண்டுல ஒரு குறை இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல."

அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. கேட்டியா, துண்டு சரி, கரைசல் சரி, நீதான் செய்யாம உட்கார்ந்திருந்து வாய்க்கு வந்ததை எழுதியிருக்கே என்று சொல்லி, சார் பக்கத்தின் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்தார். கீழே 'செய்முறை செய்யப்படவில்லை' என்று எழுதினார். திங்கட்கிழமை பொதுத் தேர்வின் செய்முறை. நோட்டில் சாரின் கையெழுத்து இல்லாவிட்டால் தேர்வு அறைக்குள் கால் வைக்க முடியாது. சரியான எண்களைப் போட்டுத் திரும்ப எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன் என்றார். எழுத மாட்டேன் என்றது அந்தப் பெண். அப்படியானால் அம்மாவை அழைத்து வா என்றார்.

அன்று முழுக்க அவளுக்கு அந்தப் பெண்மேல்தான் எரிச்சல். ஒழுங்காக எடை போடத் துப்பில்லை, பழி என் துண்டுமேலா என்று பொருமிக்கொண்டிருந்தாள். மறுநாள் அடுத்த பிரிவுக்கு அதே செய்முறை. மறுபடி முந்நூற்று அறுபது. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, கூடுதலாக வெட்டியிருந்த மூன்று துண்டுகளைப் பேசினிலிருந்து எடுத்துத் துடைத்துத் தானே தராசில் வைத்தாள். 7.4. வெறும் தண்ணீரில் போட்டாள். ஒரு மணி நேரம் கழித்து, அந்தக் கண்ணாடியின் மூஞ்சியில் எண்ணைக் காட்டிவிட வேண்டும் என்ற வேகத்தோடு எடுத்துத் துடைத்து வைத்தாள்.

7.4.

தராசைத் தட்டினாள். பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து மறுபடி வைத்தாள். அதே 7.4. அப்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் வந்த இந்தத் தராசு புள்ளிக்குப் பிறகு ஒரு எண்தான் காட்டும். நாலு என்று காட்டும், நாலு ரெண்டு என்று காட்டாது. அப்படியிருக்க 7.42 எங்கிருந்து வந்தது? 8.23 எங்கிருந்து வந்தது? அலமாரியில் பழைய நோட்டுக் கட்டுகள் இருந்தன. தூசி தட்டி, கைக்கு வந்ததை எல்லாம் பிரித்துப் பார்த்தாள். இந்த வருடம் 8.23. போன வருடம் 8.23. ஆறு வருடத்துக்கு முன்னால் படித்துவிட்டுப் போன பையனுக்கும் 8.23. அப்பட்டமான ஈயடிச்சான் காப்பி. அந்த 8.23 எந்தக் காலத்தில், எந்தக் கிழங்கு ஏறிய எடை என்று யாருக்கும் தெரியாது.

கண்ணாடி சொன்னது நிஜம். ஆனால் துண்டு ஏன் ஏறவில்லை? பாடம் பொய்யாக இருக்க முடியாது. கிழங்கு கெட்டுப்போனதா என்று மூட்டையைக் கொட்டிப் பார்த்தாள். நல்ல கிழங்கு.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது கணவர் சமையலறையில் நின்று உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தார். அவள் பையை மாட்டிவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு கிழங்கையும் நறுக்கியதும் அவர் கை தானாகப் போய்த் துண்டுகளைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் போட்டது.

"எதுக்குங்க தண்ணில போடறீங்க?"

"இது என்ன கேள்வி? போடலன்னா கறுத்துடும்ல. நீதானே சொல்லிக்குடுத்தே."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நினைவுக்கு வந்தது. அவளுக்கு முன்னால் இருந்த உதவியாளர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். எப்படிச் செய்வது என்று காட்ட ஆள் இல்லை. அப்போதிருந்த ஆசிரியை, பத்து மணிக்குள் முந்நூற்று அறுபது துண்டு மேசைக்கு வர வேண்டும் என்று மட்டும் சொன்னார். ஏழு மணிக்கு வெட்டினால் பத்து மணிக்குள் கறுத்துப் போகிறதே என்று இவள் கேட்டாள். ஏதாவது பண்ணுங்கள் என்றார். ஏதாவது என்றால் என்ன செய்வாள்? வீட்டில் செய்வதைச் செய்தாள். பேசினில் தண்ணீர் பிடித்துத் துண்டுகளை அதில் போட்டாள். பத்து மணிக்கு வெள்ளை வெளேரென்று இருந்தன. ஆசிரியைக்கு மகிழ்ச்சி. அன்றிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு துண்டும் மேசைக்கு வருவதற்கு முன்பே இரண்டு மூன்று மணி நேரம் தண்ணீரைக் குடித்து வயிறு நிறைந்துதான் வந்தது. நிறைந்த வயிற்றில் இன்னும் எப்படி ஏறும்?

இதில் அவளுக்கு ஆத்திரம் வந்தது தன்மேல் முதலில். அடுத்த நிமிடமே அது வேறு திசையில் திரும்பியது. சரி, நான் படித்தது பன்னிரண்டாம் வகுப்பு, அதுவும் அறிவியல் பிரிவு கிடைக்காமல் வேறு பிரிவில். எனக்குத் தெரியவில்லை. இந்த இருபத்திரண்டு வருடத்தில் ஒருத்தர்கூடவா தராசைப் பார்க்கவில்லை? வருடத்துக்கு எண்பது பிள்ளைகள், இதுவரை மூன்று ஆசிரியர்கள். ஒரே ஒருத்தர் பார்த்திருந்தால், ஏம்மா, தண்ணீரில் ஏன் போடுகிறீர்கள் என்று முதல் வருடமே கேட்டிருப்பார்களே. மில்லிமீட்டர் பிசகாமல் நான் வெட்டியதெல்லாம் யார் கண்ணுக்காக? கை காய்த்துப் போனதுதான் மிச்சமா? அத்தனை துண்டும் யாரும் பார்க்காமல் குப்பைக்குத்தான் போயிருக்கிறது.

"பார்த்த ஒரே பொண்ணையும் நான்தாங்க மாட்டிவிட்டேன்" என்றாள் கணவரிடம். அவர் என்ன ஏது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கத்தியைக் கீழே வைத்துவிட்டு, காலையில் போய்ச் சொல்லிவிடு என்றார். வேலைக்கு ஆபத்து வருமோ என்றாள். வந்தால் வரட்டும், பட்டறையில் பெயிண்ட் அடிக்க ஆள் தேடுகிறார்கள் என்றார்.

காலையில் லேபைத் திறந்ததும் மூன்றே மூன்று துண்டு வெட்டினாள். தண்ணீரில் ஊறப்போடாமல் நேராகத் தராசில் வைத்தாள். 6.9. பிறகு பீக்கருக்குள் போட்டாள். ஒரு மணி நேரத்தில் 7.4. பாடம் சொன்னது சரி. அந்தப் பெண் சொன்னதும் சரி. 8.23 மட்டும் யாருக்கும் வரவில்லை.

சார் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை, ஊறப்போட்டது நான்தான் என்றுகூட இரண்டு தடவை சொன்னாள். சார் கெட்டவர் இல்லை. ஒரு நாளைக்கு ஏழு வகுப்பு எடுக்கிற மனிதர், பேப்பர் திருத்தியே கண் உள்ளே போனவர். ஆனால் கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. நீங்கள் நல்ல மனதோடுதான் செய்தீர்கள், விட்டுவிடுங்கள் என்றார். இதைக் கிளறினால் மற்ற எழுபத்தொன்பது நோட்டும் கேள்விக்குள்ளாகும் என்றார். முதல் மெமோ உங்களுக்குத்தான் வரும் என்றும் சொன்னார். அந்தப் பெண்ணை 8.23 என்று எழுதச் சொல்லுங்கள், இப்போதே கையெழுத்துப் போடுகிறேன், அதோடு முடிந்தது என்றார்.

"அப்போ பொய் எழுதினா கையெழுத்து, நிஜம் எழுதினா சிவப்புக் கோடா சார்?"

கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள் என்றார் சார். வெளியே வராந்தாவில் கண்ணாடியின் அம்மா நின்றுகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் வார்டு துடைக்கிற வேலை, சீருடையோடே ஓடி வந்திருந்தாள். அரை நாள் லீவு போட்டு வந்ததாகவும், பெண் என்ன தப்புச் செய்தாள் என்றே புரியவில்லை என்றும், எதுவானாலும் தான் மன்னிப்புக் கேட்டுக்கொள்வதாகவும் சொன்னாள். பக்கத்தில் அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. சார் அம்மாவிடம், எழுதச் சொல்லுங்கள், நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்றார். அம்மா பெண்ணைப் பார்த்து, எழுதிடேன்மா, உனக்கு என்ன போகுது என்று கெஞ்சினாள்.

லேப் அக்கா உள்ளே போய் நோட்டுக் கட்டிலிருந்து அந்தப் பெண்ணின் நோட்டை உருவினாள். சிவப்புக் கோட்டுக்குக் கீழே, நீல மையில், குண்டு குண்டாகத் தன் கையெழுத்தில் எழுதினாள். 'இந்தத் துண்டுகளைக் காலை ஏழு மணிக்கு வெட்டி, செய்முறை தொடங்கும் வரை தண்ணீரில் போட்டு வைத்தது நான். அதனால்தான் எடை ஏறவில்லை. மாணவி எழுதியிருப்பது உண்மை. ஆய்வக உதவியாளர், நிலை இரண்டு.' பெயர் எழுதிக் கையெழுத்தும் போட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு ரெக்கார்டு நோட்டில் அவள் கையெழுத்து விழுந்தது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை வெளிப் பள்ளியிலிருந்து தேர்வாளர் அம்மா வந்தார். நோட்டுகளைக் கொண்டுபோய் மேசையில் வைப்பது உதவியாளரின் வேலை. கையெழுத்தில்லாத நோட்டு அந்தக் கட்டில் போகக் கூடாது. போனது, அதுவும் எல்லாவற்றுக்கும் மேலே. தேர்வாளர் அம்மா திறந்தார். படித்தார். மறுபடி படித்தார். அடுத்த நோட்டைத் திறந்தார், அதற்கடுத்ததைத் திறந்தார். பிறகு எழுந்துபோய்த் தராசில் தன் பேனாவை வைத்துப் பார்த்தார். புள்ளிக்குப் பிறகு ஒரே எண்.

"சார், இந்தத் தராசுல 8.23 எப்படி வந்துச்சு?"

சார் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பழைய தராசு இருந்த காலத்தில் எடுத்த அளவு என்று இழுத்தார். தேர்வாளர் அம்மா மேற்கொண்டு கேட்கவில்லை. அவருக்கும் மூன்று மணிக்குள் எண்பது பேரை முடித்தாக வேண்டும். கண்ணாடியை உள்ளே கூப்பிடச் சொன்னார், தேர்வு எழுத விட்டார். அதுவரைக்கும் நிம்மதி. ஆனால் மதிப்பெண் பட்டியல் வந்தபோது, 8.23 எழுதிய எழுபத்தொன்பது பேருக்கும் நோட்டுக்கு முழு மதிப்பெண். கண்ணாடிக்கு இரண்டு குறைவு. ஏன் என்றால், நோட்டில் அடித்தல் திருத்தல் இருக்கிறதாம்.

அடுத்த வாரம் மெமோவும் வந்தது, சார் சொன்னபடியே அவளுக்குத்தான். செய்முறைப் பொருட்களைத் தவறான முறையில் தயாரித்தது, அனுமதி இல்லாமல் மாணவியின் நோட்டில் எழுதியது என்று இரண்டு குற்றம். இருபத்திரண்டு ஆண்டுகளாக இத்தவறு ஏன் தங்கள் கவனத்துக்கு வரவில்லை என்று மூன்று நாட்களுக்குள் விளக்க வேண்டும் என்றது. சாருக்கு ஒரு துண்டுக் காகிதமும் வரவில்லை.

அன்று சாயங்காலம் சமையலறை மேசையில் உட்கார்ந்து பதில் எழுதினாள். கணவர் எதிரே உட்கார்ந்து கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தார். பணிவாக எழுது என்று மட்டும் சொன்னார். அவள் தன்னால் முடிந்த பணிவோடு எழுதினாள்.

'ஐயா, துண்டுகளைத் தண்ணீரில் போட்டது நான்தான். கறுக்கக் கூடாது என்று போட்டேன். தப்பு என்று இப்போது தெரியும், இனி போட மாட்டேன். ஏன் கவனிக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கொடுத்த வேலை வெட்டுவது. எடை போடுவது என் வேலை இல்லை. எடை போட வேண்டியவர்கள் இந்த இருபத்திரண்டு வருடத்தில் ஆயிரத்து எழுநூறு பேருக்கு மேல். அவர்கள் நோட்டைத் திருத்தியவர்கள் மூன்று பேர். இத்தனை பேரில் ஒரு பிள்ளை மட்டும் எடை போட்டுப் பார்த்து, ஏறவில்லை என்று சொன்னது. அந்தப் பிள்ளைக்கு எதிராக நான் சாட்சி சொன்னேன். அந்தப் பிள்ளையின் தாயை வராந்தாவில் நிற்க வைத்து, பொய் எழுதும்படி மகளிடம் கெஞ்ச வைத்தோம். எனக்கு மெமோ வந்திருக்கிறது என்று சொன்னபோது அதற்காகத்தான் வந்திருக்கும் என்று நினைத்தேன். உறையைப் பிரித்துப் பார்த்தால் கிழங்குக்கு வந்திருக்கிறது.'